மலிவாகக் கிடைத்த கெராங் எங்கே போனது?

சார் குவே தியாவ் கடைகளில் கெராங் போட்டால் இப்போது பல இடங்களில் தனிக் காசு. சில கடைகளில் அதைப் போடுவதையே விட்டுவிட்டார்கள். விலைவாசி ஏறிவிட்டது என்று வாடிக்கையாளர்களும் சமாதானம் அடைகின்றனர். உண்மையில் கோளாறு ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் இருக்கிறது.

2010இல் மலேசியாவின் கெராங் உற்பத்தி 70,000 டன்னைத் தாண்டியிருந்தது. 2016இல் அது 10,000 டன்னுக்கும் கீழே போனது. ஆறே ஆண்டுகளில் இப்படிச் சரிந்த உணவுத் தொழில் நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

கெராங் வளர்ப்புக்குத் தீவனச் செலவு கிடையாது. இயற்கையில் கிடைக்கும் குஞ்சுகளை வாங்கிச் சேற்றுத் திட்டில் தூவினால், ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டில் அறுவடை. கடல்நீரில் இருக்கும் நுண்ணுயிர்களே அதற்கு உணவு. ஆனால், தண்ணீர் கெட்டால் மீனைப்போல அது வேறு இடம் தேடிப் போக முடியாது. ஆற்றில் வரும் ஆலைக் கழிவும் பண்ணைக் கழிவும் கட்டுமான வண்டலும் அதன் மேல்தான் படிகின்றன. அவற்றை ஓரளவாவது தடுத்து வைக்கும் அலையாத்திக் காடும் பல இடங்களில் குறைந்துவிட்டது. குஞ்சுகளை அளவுக்கு மீறி அள்ளியதும் ஒரு காரணம்தான். முழுப் பழியையும் ஆலைகள் மீது போட முடியாது.

கழிவை ஆற்றில் விட்டவருக்குச் செலவு மிச்சம். கடன் வாங்கிக் குஞ்சு தூவியவருக்கு நட்டம். இந்த நட்டம் எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

பினாங்கின் தெற்குக் கடலிலும் இதே கேள்வி எழுகிறது. 4,500 ஏக்கரில் மூன்று தீவுகள் என்று தொடங்கிய கடல் தூர்ப்புத் திட்டம், 2023இல் 2,300 ஏக்கர் கொண்ட ஒரே தீவாகச் சுருங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் 'சிலிக்கோன் தீவு' வேலை ஆரம்பமானது. மாநிலப் போக்குவரத்துத் திட்டத்துக்குப் பணம் திரட்டத்தான் இந்த நிலம் என்று முதலில் சொல்லப்பட்டது. 2024இல் எல்ஆர்டி திட்டத்தை மத்திய அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. தீவு வேலை மட்டும் நிற்கவில்லை.

உருவாகும் நிலத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை சொல்லிவிடலாம். தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல் பகுதி மீனவர்கள் இறால் பிடித்த கடலுக்கு அப்படி ஒரு விலை போடப்படுவதில்லை. உதவித்தொகை பட்டியலில் உள்ள மீனவருக்குப் போய்ச்சேரும். வலை தைப்பவர், மீனைச் சுத்தம் செய்து விற்பவர், ஐஸ் கொண்டு வருபவர் ஆகியோரை அந்தப் பட்டியலில் தேடுவது கடினம்.

2004 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பினாங்கில். அதற்குப் பிறகுதான் கடலோரங்களில் அலையாத்திக் கன்றுகளை நட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. காடு இருந்தபோது அந்தப் பாதுகாப்புக்கு யாரும் ஒரு காசு கட்டவில்லை. இப்போது கன்று நடுவதற்கும் கரையில் பாறை கொட்டுவதற்கும் தடுப்பணையைப் பழுதுபார்ப்பதற்கும் வரிப்பணம் போகிறது.