நம்ம புள்ளைக்கு மட்டும் மன உறுதிதான் மருந்தா?

"நடிக்கிறான் மேடம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஓடிடலாம்னு நடிக்கிறான்" என்றார் அந்தக் கூர்நோக்கு இல்லத்தின் பணியாளர்.

உள்ளே 16 வயதுப் பையன் சுருண்டு கிடந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கால்களை உதறியபடியே இருந்தான். "எலும்புக்குள்ள எறும்பு ஓடுதுக்கா" என்றான். கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. மயிர்க்காலை நிறுத்தி நடிக்கத் தெரிந்தவனை நான் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை.

அவன் எட்டு மாதமாக ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தது டபென்டடால். வலி மாத்திரைதான். ஆனால் ஓபியாய்டு வகை. அபினும் மார்ஃபினும் ஹெராயினும் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்கின்றனவோ அதே இடத்தைப் பிடிப்பது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இதைத் தண்ணீரில் கரைத்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிச் சென்னையிலிருந்து பல ஆண்டுகளாகச் செய்தி வருகிறது. எப்படி வருகிறது? 'போதை ஊசி கும்பல் கைது' என்று வருகிறது. சில நேரம் மாவுக்கட்டு போட்ட கையோடு போட்டோவும் வரும். நோயாளி என்று ஒரு வரி வராது.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. பெயர் ப்யூப்ரினார்ஃபின். நாக்கடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. போதை மருந்து பிடித்த அதே இடத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் பாதி அளவுக்குத்தான் வேலை செய்யும். அதனால் வேதனை அடங்கும், ஏக்கம் தணியும், பையன் எழுந்து உட்கார்ந்து சோறு தின்பான். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் ஒன்றிய அரசின் 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 16 வயதிலிருந்தே கொடுக்க அனுமதி உண்டு. அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் சங்கம், கடுமையான ஓபியாய்டு அடிமைத்தனம் உள்ள வளரிளம் பருவத்தினருக்கு மருந்தோடு கூடிய சிகிச்சையை அளிக்க முன்வாருங்கள் என்று 2016இலேயே தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்த மருந்தை எப்போது தொடங்க வேண்டும் தெரியுமா? போதை உடம்பைவிட்டு இறங்கி, வேதனை தொடங்கிய பிறகு. முன்கூட்டியே கொடுத்தால் வேதனை கூடிவிடும். அதாவது, மூக்கு ஒழுகி, மயிர் சிலிர்த்து, கால் உதறிக் கிடந்தானே, அதுதான் நேரம். 'நடிக்கிறான்' என்று கதவைச் சாத்தினார்களே, அந்த நேரம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 53ஆவது பிரிவு, இல்லங்கள் தர வேண்டிய சேவைகளில் போதை மீட்புக்கான பரிந்துரையையும் சேர்க்கிறது. 93ஆவது பிரிவின்படி, போதைக்கு அடிமையான குழந்தையைச் சிகிச்சை மையத்துக்கு மாற்றக் குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ உத்தரவிடலாம். அந்த 'லாம்' என்ற விகுதிக்குள்தான் எங்கள் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 77ஆவது பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. அங்கே 'லாம்' கிடையாது. தண்டிப்பதென்றால் மட்டும் சட்டத்துக்கு இலக்கணம் சரியாக வருகிறது.

அந்தப் பையனை மூன்றாம் நாள் ஒருவழியாக ஒரு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். போலீஸ் வண்டி வரவே மதியம் ஆனது. முதலில் சொன்னது: "18 முடியட்டும்." பிறகு: "பெரியவங்க வார்டுலதான் பெட் இருக்கு, அங்க போட முடியாது." அது சரிதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிறாரைப் பெரியவர்களோடு தங்க வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் தனி இடம் ஏற்பாடு செய் என்பதுதான் அதன் பொருள். திருப்பி அனுப்பு என்பதல்ல. கடைசியாக: "கார்டியன் கையெழுத்து வேணும்."

அவன் அம்மா தூய்மைப் பணியாளர், ஒப்பந்தத்தில். போன் செய்தேன். "ஒரு நாள் வரலன்னா அந்த கான்ட்ராக்டர் ஆளையே மாத்திடுவான்மா. நாளைக்கு மறுநாள் வரட்டுமா?" என்று கேட்டார். "எப்படியாவது வாங்கக்கா" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. மாநில அரசு தன் காவலில் பூட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்க, மாநிலத்தின் குப்பையை அள்ளும் பெண் தன் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும்! பாதுகாவலர் பொருத்தமாக இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம் வேறொருவரை நியமிக்கலாம், யாருமே இல்லையென்றால் சமூக நலத்துறை இயக்குநரையோ அவருடைய பிரதிநிதியையோ நியமிக்க வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. வழி இருக்கிறது. நான் போய்வந்த இல்லங்களில் அந்த வழியில் யாரும் நடந்து பார்த்ததில்லை.

அவனுக்குக் கிடைத்தது வலிக்கும் வயிற்றுக்கும் சில மாத்திரைகள். கூடவே "மன உறுதியோட இரு தம்பி" என்ற அறிவுரை.

மன உறுதி! அண்ணா நகரில் ஒரு பையன் இதே மாத்திரையில் சிக்கினால் என்ன நடக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். தனியார் மனநல மருத்துவர், ஏசி அறை, மருந்து, வாரம் ஒரு கவுன்சிலிங், பள்ளிக்கு 'டைபாய்டு' என்று ஒரு லீவு லெட்டர். அவன் நோயாளி. பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ ஹவுசிங் போர்டில் இருப்பவன் சிக்கினால் எஃப்.ஐ.ஆர். அவன் 'அந்த ஏரியா பையன்'. நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி ஊருக்கு வெளியே கொண்டுபோய் நட்ட பிறகு, அந்த முகவரியையே குற்றமாக்கிவிட்டோம். நான் போய்வந்த இல்லங்களில் பதிவேட்டைப் புரட்டினால் ஊர்ப் பெயர்களைப் பார்த்தே சாதி சொல்லிவிடலாம். சமூகவியல் படித்ததற்கு அந்தப் பதிவேடு போதும், எம்.ஏ. தேவைப்பட்டிருக்காது.

நான் கணக்கில்லாமல் பேசவில்லை. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளிடையே போதைப் பழக்கம் பற்றி ஆறு மாதத்துக்குள் தேசியக் கணக்கெடுப்பு நடத்தச் சொன்னது. எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. 10 முதல் 17 வயதினரில் 1.8 சதவீதம் பேர் ஓபியாய்டு எடுப்பதாகச் சொன்னது. அதன் பெரும்பகுதி வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. இல்லத்தில் அடைபட்ட பிள்ளையின் வீட்டுக் கதவு எண் என்ன?

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்களில் அதிகாரிகள் மட்டுமில்லை, நம் தோழர்களும் இருக்கிறார்கள். அரசு நம் பிள்ளைகளை மாத்திரை கொடுத்து மழுங்கடித்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. டாஸ்மாக்கை நடத்தும் அரசை எப்படி நம்புவது? நியாயம்தான். தூக்க மாத்திரை கொடுத்துப் பிள்ளைகளை அமைதியாக்கும் இல்லம் எதுவாக இருந்தாலும் அதற்கு எதிராக நானே முதல் ஆளாக நிற்பேன். ஆனால் இது அதுவல்ல. சரியான அளவில் கொடுத்தால் பையன் மயங்கிக் கிடப்பதில்லை, வகுப்பில் உட்காருகிறான். நலாக்சோன் சேர்த்த மாத்திரை என்றால், அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுபவனுக்குப் போதை அல்ல, வேதனைதான் மிஞ்சும். வெளியே விற்றுவிடுவான் என்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைக்கூட எண்ணி வாங்கும் இல்லத்தில், கண் முன்னால் ஒரு மாத்திரையைக் கரைய வைக்க முடியாதா?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் ஒயிட்னரையும் முகரும் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மருந்து கிடையாது. அவர்களுக்கு வேண்டியது வேறு: ஆள், நேரம், பள்ளி, சாப்பாடு. எல்லாப் போதைக்கும் மாத்திரை கேட்கவில்லை. மாத்திரை உள்ள நோய்க்கு மாத்திரை கேட்கிறேன்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், விடுதலை நாள். இல்லத்தில் சில வாரம் மருந்தும் இல்லாமல் போதையும் இல்லாமல் கிடந்த உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே போய்ப் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். 'ஒரு மாசம் சுத்தமா இருந்தான்' என்று இல்லம் பெருமையாக எழுதி அனுப்பும் அறிக்கைதான் அந்தப் பிள்ளையின் ஆபத்தான காலத்தின் தொடக்கம்.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டான். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் இல்லங்களைச் சீர்திருத்த ஒரு நபர் குழு அமைத்தார்கள். அடி என்றால் காயம் தெரிகிறது, வழக்கு வருகிறது. சிகிச்சை மறுப்புக்குத் தழும்பு இல்லை. 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். மகிழ்ச்சி. அங்கே 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எத்தனை படுக்கை? இல்லங்களிலிருந்து இதுவரை எத்தனை பிள்ளைகளை அனுப்பினீர்கள்? சேர்க்கும் அன்றே மருத்துவர் பார்த்தாரா? கையெழுத்திட ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அதிகாரியின் பெயர் இருக்கிறதா? விடுதலைக்குப் பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே மருந்து தொடர்கிறதா? குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தக் கேள்விகளை அனுப்பியிருக்கிறேன். நீங்களும் உங்கள் மாவட்டத்துக்கு அனுப்புங்கள். பத்து ரூபாய்தான்.

அந்தப் பையனுக்கு அடுத்த வாரம் ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வழக்கறிஞர். அவன் அம்மா சந்தோஷமாக இருக்கிறார். வீட்டில் பிரியாணி செய்யப்போவதாகச் சொன்னார். நான் இன்னும் ஒரு மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.