போனட்டுக்குள் ஒரு சின்ன டப்பா

கார்களைப் பற்றிப் பேசும் நாள்களில் எங்கள் வானொலிக்கு இரண்டு வகை அழைப்புகள் வரும். “எஃப்.பி.ஆர். மாற்றினால் கார் இன்னும் பறக்குமா?” என்று கேட்கும் தம்பிகள் ஒரு பக்கம். “என் மகன் சம்பளத்தையெல்லாம் காரில் கொட்டுகிறான், நீங்களாவது புத்தி சொல்லுங்கள்” என்று கேட்கும் அம்மாக்கள் இன்னொரு பக்கம். இந்த வாரம் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எஃப்.பி.ஆர். என்பது எரிபொருளின் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் கருவி. உள்ளங்கையில் அடங்கிவிடும். உள்ளே ஒரு சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். பம்ப் அனுப்பும் பெட்ரோல் தேவைக்கு மேல் போனால், சவ்வு வழிவிட்டு மிச்சத்தை டாங்கிக்கே திருப்பி அனுப்பும். பல எஞ்சின்களில் இந்த அழுத்தம் 3 பார், அதாவது 43.5 பி.எஸ்.ஐ. டர்போ காற்றை 1 பார் அழுத்தி உள்ளே தள்ளினால், பெட்ரோலும் 4 பாருக்கு ஏற வேண்டும். இல்லையென்றால் இன்ஜெக்டரிலிருந்து பெட்ரோல் போதுமான அளவு வெளியே வராது. அந்தத் தகவலைச் சீராக்கிக்குச் சொல்வது ஒரு மெல்லிய வாக்கும் ஹோஸ்தான்.

சாதாரண காருக்கு இது தேவையா? தேவையே இல்லை. அழுத்தத்தைக் கூட்டினால், அன்றாட ஓட்டத்தில் காரின் கணினியே ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும். இன்றைய பல கார்களில் சீராக்கி டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. பளபளக்கும் நீல டப்பா போனட்டைத் திறந்து காட்டும்போது அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையான தேவை வேறு இடத்தில். 1993-இல் வந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லேன்சரை அடிப்படையாகக் கொண்டது. அதனால்தான் ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக வரும் லேன்சர் ஜி.எஸ்.ஆர். டர்போ எஞ்சினை நம் பையன்கள் வீராவில் ஏற்றுகிறார்கள். கூடவே மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பெரிய பம்பையும் போடுகிறார்கள். பழைய சீராக்கியின் திரும்பும் துளை இவ்வளவு பெட்ரோலுக்குப் போதாது. அழுத்தம் தானாக ஏறிவிடும். அப்போதுதான் திருகி அளவு வைக்கும் சீராக்கி வேண்டும்.

குனோங் ராபாட்டில் இருக்கும் என் சின்னம்மா மகனின் கார் அப்படிப்பட்டது. அதற்குச் சீராக்கி மாட்டியபோது நானும் பட்டறையில் இருந்தேன். போர்மேன் அண்ணன் முதலில் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். குழாயில் இருந்த அழுத்தம் தீர்ந்து அது தானாக நின்றது. எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். பிறகு பழைய ஹோஸைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

“தம்பி, இதை யார் போட்டது? இது கார்புரேட்டர் ஹோஸ்ப்பா!”

முன்பு எஞ்சின் மாற்றிய வேறொரு பட்டறையின் வேலை அது. ஹோஸின் மேல் 30ஆர்7 என்று அச்சிட்டிருந்தது. அது 50 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். 4 பார் என்றால் 58 பி.எஸ்.ஐ. வளைவில் வெடிப்பு விட்டு, பெட்ரோல் வியர்த்திருந்தது. ஒரு சாண் கீழே, கொதிக்கும் டர்போ. சின்னம்மாவை வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு அழைத்துப் போகும் கார் அது. தம்பி வாயே திறக்கவில்லை.

அண்ணன் 100 பி.எஸ்.ஐ. தாங்கும் 30ஆர்9 ஹோஸும், அதற்கென்று உள்ள கிளாம்ப்பும் போட்டார். சீராக்கியை டர்போ சூடு படாத இடத்தில் மாட்டினார். எஞ்சினை ஓடவிடாமல் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒழுகல் இல்லை என்ற பிறகே ஸ்டார்ட். வாக்கும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு 3 பார் வைத்தார், பூட்டு நட்டை இறுக்கினார், ஹோஸைத் திரும்ப மாட்டினார். முள் சற்றுக் கீழே இறங்கியது. “இறங்கினால்தான் இது வேலை செய்கிறது” என்றார்.

“இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கண்ணே” என்றான் தம்பி. அவர் மறுத்துவிட்டார். கணக்கு அவர் பக்கம்தான். அழுத்தத்தை 3-லிருந்து 4 பாருக்கு ஏற்றினால் பெட்ரோல் கூடுவது ஏறக்குறைய 15 விழுக்காடுதான். ஆனால் பம்ப் திணறும். பெட்ரோல் அதிகமானால் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். குறைந்தாலோ இன்னும் மோசம். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன்மலைக்கு ஏறும்போது பிஸ்டனே உருகலாம். அதனால் சீராக்கி மாட்டியதோடு வேலை முடியாது. டைனோவில் ஏற்றி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைப் பார்த்துக் கணினியைச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவுக்குப் பணம் சேரும்வரை டப்பாவையும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. எஞ்சின் மாற்றத்துக்கு ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

அம்மாக்களே, மகனிடம் சண்டை போடாதீர்கள். போனட்டைத் திறக்கச் சொல்லி, “இந்த ஹோஸில் என்ன எழுதியிருக்கிறது, படித்துக் காட்டு” என்று கேளுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு அந்தக் காரில் ஏறாதீர்கள். தம்பிகளே, குதிரைத்திறனைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம். பின் சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.