நம் மோட்டாருக்கு எந்த மின்சாரம்?

யூரியா போடவில்லை, பூச்சிக்கொல்லி தெளிக்கவில்லை. அதனால் நம் விளைபொருள் சுத்தம் என்கிறோம். சரிதான். ஆனால் ஏற்றுமதிச் சந்தை இப்போது இன்னொன்றும் கேட்கிறது: இதை விளைவிக்க எவ்வளவு கரியமில வாயு வெளியானது? விதை முதல் விற்பனை வரை கூட்டிப் பார்க்கும் இந்தக் கணக்குக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். கிணற்றுப் பாசனக்காரர்களுக்கு அதில் பெரிய வரிகளில் ஒன்று மோட்டார்.

5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, மணிக்குச் சுமார் 2.8 கிலோ. நாட்டு மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு நிலக்கரிதானே எரிகிறது!

“நம்ம ஊர்ல காத்தாடி சுத்துது, நமக்கும் அதே கணக்கா?” என்று கேட்கலாம். பால் சொசைட்டி கேனை நினைத்துப் பாருங்கள். ஊற்றிக் கலந்த பிறகு எது யார் வீட்டுப் பால் என்று பிரிக்க முடியுமா? 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பும் நாட்டுத் தொகுப்போடு சேர்ந்துவிட்டது. கயத்தாற்றுக் காற்றும் சிங்ரௌலி நிலக்கரியும் இன்று ஒரே கேனில்தான். அதனால் நாட்டுச் சராசரியை நான் ஏற்கிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள்.

ஒன்று, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 0.7 என்பது மின் நிலையத்தில் எரிபொருள் எரிவதால் வரும் புகை மட்டுமே. சுரங்கம் தோண்டுவது, நிலக்கரியை ரயிலில் கொண்டுவருவது, கம்பியில் வரும் வழியில் வீணாகும் மின்சாரம் எதுவும் அதில் சேராது. நெய்வேலியில் சுரங்கத்துக்குப் போன விளைநிலமும் சேராது.

இரண்டு, யாரும் வெண்ணெயைத் தனியாக எடுக்கக் கூடாது. சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலை, ‘எங்கள் நூல் காற்றில் நூற்றது’ என்று விளம்பரம் செய்யலாம். செய்யட்டும். ஆனால் அந்தக் காற்று பொதுக் கேனிலும் இருந்தால் ஒரே யூனிட்டை இரண்டு தடவை எண்ணுகிறோம். கேனிலிருந்து கழித்தால் மிச்சத்தில் கரி கூடுகிறது. அது பருத்தி விளைவிக்கும் நம் தலையில் விழுகிறது. காற்றாலைக்கு இடம் கொடுத்த ஊர்க்காரனுக்கே கரிக் கணக்கு! வெண்ணெய் அவர்களுக்கு, மோர் நமக்கு. அப்புறம் ‘உன் பால் தண்ணி’ என்பார்களா?

ஒரு சட்டைக்கு ஒரே விதிதான் இருக்க வேண்டும். பருத்திக்குச் சராசரி என்றால் நூலுக்கும் சராசரி. எந்த ஆண்டுக் கணக்கு, கம்பி இழப்பு சேர்ந்ததா, சுரங்கம் சேர்ந்ததா என்பதையும் வாங்குபவர்கள் எழுத்தில் தர வேண்டும். சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. இலவச மின் இணைப்புகள் பலவற்றில் மீட்டரே கிடையாது. அப்போது நம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வருகிறவர் குத்துமதிப்பாகத்தான் போடுவார். மூடாக்கும் சொட்டுநீரும் போட்டு நாம் மிச்சப்படுத்திய நேரம் அவருக்கு எப்படித் தெரியும்? மோட்டார் ரூமில் ஒரு நோட்டு தொங்கட்டும். போட்ட நேரம், நிறுத்திய நேரம், எந்தப் பயிர்; இவ்வளவு போதும். நாம் எழுதாத கணக்கை அடுத்தவன் எழுதுவான்.