வாழத்தகுந்த என்றொரு அடைமொழி

விஞ்ஞானத்துக்கு மொழிப் பிரச்சினை கிடையாது என்று நம் இலக்கியக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். 2015 ஜூலையில் நாசா, கெப்ளர்-452பி என்ற கோளை அறிவித்தபோது, மேகமும் நிலமுமாகப் பூமியின் ஜாடையில் ஓர் ஓவியத்தையும் கூடவே தந்தது. பூமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்கிற மாதிரி உறவுமுறை வேறு. பத்திரிகைகள் ‘இரண்டாம் பூமி’ என்றன.

ஓவியத்துக்கு என்ன ஆதாரம்? கெப்ளர் தொலைநோக்கி, தான் கண்டுபிடித்த கோள் எதையும் பார்த்ததில்லை. அது பார்த்தது நட்சத்திரங்களை. கோள் குறுக்கே போகையில் நட்சத்திரத்தின் ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளந்தது. நம் சூரியனைப் பூமி கடந்தால் குறைவது பத்து லட்சத்தில் 84 பங்கு. (லெட்ஜரில் இந்த வித்தியாசத்தைத் தேடச் சொன்னால் எங்கள் கிளையில் ஒருவரும் வீடு திரும்ப முடியாது.) 452பி விஷயத்தில் நான்கு வருஷத்தில் நாலே தடவை மங்கல். அதிலிருந்து தெரிந்தது: சுற்றிவர 385 நாள், ஆரம் பூமியைப்போல் சுமார் 1.6 மடங்கு. நிறை அளக்கப்படவில்லை. பாறையா வாயுவா என்பதற்கே உத்தரவாதமில்லை. அந்த மங்கல் கருவியின் இரைச்சலாகவே இருக்கலாம், சுயேச்சையான சான்றின்றி அதைக் கோள் என்று உறுதிசெய்யக் கூடாது என்று 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. மேகம் எங்கிருந்து வந்தது?

‘வாழத்தகுந்த மண்டலம்’ என்பதற்கு வானியலாளரிடம் அடக்கமான பொருள்தான் உண்டு: தக்க வாயுமண்டலம் இருந்தால், தரையில் நீர் திரவமாக நிற்கத் தோதான தூரம். அந்த ‘இருந்தால்’ பத்திரிகைக்குப் போகும் வழியில் தொலைந்துவிடுகிறது. வேறொரு நட்சத்திரத்திலிருந்து யாராவது கெப்ளர் போன்ற கருவியால் நம் சூரியனை நோக்கினால், வெள்ளியும் பூமியும் அநேகமாக ஒரே அளவு நிழல்தான். வெள்ளியின் தரையில் ஈயம் உருகும்.

சித்திரம் காட்டாவிட்டால் பணம் வராது என்பார்கள். கெப்ளரின் வரலாறே இதை மறுக்கிறது. வில்லியம் போருக்கியின் திட்டம் 1990களில் நான்கு முறை நிராகரிக்கப்பட்டது. அவர் ஓவியரைத் தேடிப் போகவில்லை. இவ்வளவு நுண்ணிய மங்கலை அளக்க முடியும் என்று பரிசோதனைச்சாலையில் செய்து காட்டினார். 2009இல் ஏவப்பட்ட அந்தக் கருவி 2018இல் ஓய்வதற்குள் சேர்த்துவைத்த அளவுகளிலிருந்து 2,600க்கு மேற்பட்ட கோள்கள் தெரியவந்தன. இதற்குமேல் என்ன வர்ணம் வேண்டும்?

இப்போது அமெரிக்கா திட்டமிட்டுவரும் பெரிய தொலைநோக்கிக்கு ‘வாழத்தகுந்த உலகங்களின் வான்நோக்ககம்’ என்று பெயர். நட்சத்திரத்தின் ஒளியை மறைத்து, கோள் பிரதிபலிக்கும் சொற்ப வெளிச்சத்தைப் பிரித்து, அங்கே என்னென்ன வாயுக்கள் என்று ஆராய்வது அதன் வேலை. நல்ல வேலை. கேள்வி கேட்கப் போகிற கருவியின் பெயரிலேயே பதிலை எழுதிவிட்டார்கள்.