தேர்வாளர் வெளியே இருக்கட்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஸ்வார்த்மோர் சிறிய கல்லூரி. ஏறத்தாழ 1,600 மாணவர்கள். அதன் அன்றைய தலைவர் ஃபிராங்க் அய்டலோட் 1922இல் தொடங்கிய ஆனர்ஸ் திட்டம் இன்றும் நடக்கிறது. மாணவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, ஒருவர் எழுதிவந்த கட்டுரையை மற்றவர்கள் அலசுவார்கள். இறுதியாண்டு முடிவில் வேறு பல்கலைக்கழக அறிஞர்கள் வந்து வாய்மொழித் தேர்வு நடத்துவார்கள். ஆனர்ஸ் யாருக்கு என்பது அவர்கள் தீர்ப்பு. இதில்தான் சூட்சுமம். கடைசித் தீர்ப்பு ஆசிரியர் கையில் இல்லாதபோது அவருக்குத் தலையாட்ட வேண்டியதில்லை; துணிந்து மறுத்துப் பேசலாம். ஆசிரியரும் மாணவர் பக்கம் நின்று தயார்செய்கிறார். பணக்காரக் கல்லூரிக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும் என்பார்கள். சின்ன வகுப்புக்குச் செலவு அதிகம், உண்மைதான். ஆனால் கற்பிப்பவரையும் தீர்ப்பளிப்பவரையும் பிரித்துவைக்கப் பணத்தைவிட மனம்தான் அதிகம் வேண்டும்.