ஆலயத் தாழ்வாரத்தில் ஒரு சரித்திர வகுப்பு

சித்திரை வெயில் ஏறிவிட்டது, பள்ளிகளுக்கும் விடுமுறை. நம் ஊர்த் தமிழ்த் திருச்சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சிறுவர் சிறுமியர் ஒரு மணி நேரம் தாழ்வாரத்தில் அமர்ந்து தேச சரித்திரம் வாசிக்கின்றனர். கீர்த்தனையும் ஜெபமும் போதாவா, ஆலயத்தில் சரித்திரம் எதற்கு என்று பெரியோர் சிலர் வினவினர்.

காரணம் உண்டு. "விடுதலைப் போரில் உங்கள் சமயத்தார் என்ன செய்தனர்?" என்று பள்ளித் தோழன் ஒருவன் கேட்க, விடை தெரியாமல் தலைகுனிந்து வீடு திரும்பினான் நம் பிள்ளை ஒருவன்.

அவனுக்கு முதலில் வாசிக்கக் கொடுத்தது ஜே. சி. குமரப்பாவின் வரலாறு. 1892-இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நம்மைப் போலவே ஊரைவிட்டு வந்து பம்பாயில் கணக்குத் தணிக்கைத் தொழில் நடத்தியவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கதர் பூண்டார். பன்முறை சிறை சென்றார். 1942-இன் போராட்டத்தையொட்டி ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. வழிபாடு வேறு, நாட்டுப்பணி வேறு என்று அவர் கருதவில்லை.

அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவராய் விளங்கிய வங்காளத்து எச். சி. முகர்ஜியும் கிறிஸ்தவரே. அடுத்த ஞாயிறன்று அவர் வரலாறு.

தமிழெழுத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அருகிருந்து துணை செய்யவேண்டும். எச்சமயத்தைச் சார்ந்த பிள்ளைகளாயினும் வரலாம், பாயில் இடமுண்டு.