வாவிக்கரையில் பொழுதுபோக்குத் தூண்டில்: யாரும் கேட்காத ஒழுங்கு

கடந்த நத்தாருக்குச் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த என் மருமகன் பயணப்பொதிகளோடு நீளமான குழாய் ஒன்றையும் கொண்டு வந்திருந்தான். திறந்தபோது உள்ளே மூன்று தூண்டில் தடிகள், றீல்கள், ரப்பரில் செய்த பொய்மீன்கள். தன்னாமுனையில் பிறந்து எட்டு வயதில் நாட்டை விட்டுப் போனவன். "மாமா, இந்தமுறை வாவியில கொடுவா பிடிக்காம போகமாட்டன்" என்றான். அவனுடைய ஆசையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் முகத்துவாரப் பக்கம் போய் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான கொடுவா ஒன்றோடு திரும்பி வந்தான். வீட்டில் திருவிழாதான். படங்கள் பேஸ்புக்கிலும் ஏறின.

மீனை வெட்டியபோது வயிறு நிறையச் சினை. அயலில் இருக்கும் வயதான தோணிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதை விட்டிருக்கலாம் மனே. வாய் வெட்டுப்பட்ட நேரம் இதுகள் கடலுக்குப் போறது குஞ்சு வைக்கத்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் மருமகனுக்கு முகம் மாறிவிட்டது.

அன்றிரவு நான் அவனிடம் கேட்டேன்: "சுவிஸிலயும் இப்படித்தான் பிடிப்பீங்களோ?" அவன் சிரித்தான். அங்கே தூண்டில் போட வகுப்பு இருக்கின்றது. 2009இலிருந்து, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அனுமதிப்பத்திரம் வேண்டுமானால் மீனை எப்படித் தொடுவது, எப்படி உடனே கொல்வது, எது அளவுக்குக் குறைந்த மீன் என்பதையெல்லாம் படித்ததற்கான சான்றிதழ் காட்ட வேண்டும். பிடித்துப் படமெடுத்துவிட்டுத் திரும்ப விடுவதற்கென்றே மீன் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம். இவற்றையெல்லாம் பாடமாகச் சொன்னவன் கடைசியில் சொன்னது: "இங்க யார் மாமா கேக்கப்போறாங்க?"

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. இங்கே யாரும் கேட்பதில்லை.

ஓய்வு நாட்களில் கல்லடிப் பழைய பாலத்திலும் பாலமீன்மடு முகத்துவாரத்திலும் சவுக்கடிக் கடற்கரையிலும் தூண்டிலோடு நிற்பவர்களின் தொகை கூடிவருவதைக் கண்ணால் காண்கின்றோம். விடுமுறையில் வரும் புலம்பெயர் உறவுகள், கொழும்பிலிருந்து வாகனத்தில் வரும் இளைஞர்கள், வெளிநாட்டு உல்லாசப் பயணிகள், யூரியூப்பில் பார்த்து ஆசைப்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகள் என்று எல்லோரும் அதற்குள் அடக்கம். உலகில் இது சிறிய விடயமல்ல. தொழில்மயமான நாடுகளில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் பொழுதுபோக்காக மீன் பிடிக்கின்றார். அதனால்தான் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2012இல் பொழுதுபோக்கு மீன்பிடிக்கென்றே தனியான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன் சாரத்தை எங்களூர் மொழியில் சொல்வதானால், விளையாட்டுக்குப் பிடிப்பவனும் வளத்தை எடுப்பவன்தான், எனவே அவனுக்கும் பொறுப்பு இருக்கின்றது என்பதே.

எங்கள் வாவியில் இந்தப் பொறுப்பைப் பேசும்போது வேறொரு கணக்கும் சேர்ந்துகொள்கின்றது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கும் இந்தத் தண்ணீரில் இறங்குவதற்கு எங்கள் ஆட்களே அனுமதி கேட்டு நின்ற காலம் ஒன்று இருந்தது. தோணிக்கு இலக்கம், ஆளுக்குப் பாஸ், இறங்கும் நேரத்துக்கும் ஏறும் நேரத்துக்கும் கட்டுப்பாடு. 1990 செப்டெம்பரில் அயலூரான சத்துருக்கொண்டானில் நடந்ததன் பின்னர், இரவில் வலை பார்க்கப் போவதென்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் காரியமாயிற்று. என் தந்தை தோணி வைத்திருந்தவர். இறால் நன்றாகப் படும் அமாவாசை இரவுகளில் அவர் திண்ணையில் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் நிற்கின்றது. பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. பிறகு 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. இயந்திரப் படகில் கடலுக்குப் போக முடியாமற்போன சிலர் துடுப்பை எடுத்துக்கொண்டு வாவிக்குத் திரும்பினார்கள். அத்தாங்கோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி இறால் பிடித்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் பெண்கள் இந்தக் கரையில் இருக்கின்றார்கள். அவர்களில் பலருக்குக் கணவன் இல்லை. ஏன் இல்லை என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தான் நிற்பது பிறருடைய வேலைத்தளத்தில் என்பதை. வயலுக்குள் வாகனத்தை விட மாட்டோம். தண்ணீரில் மட்டும் வரம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மாலையில் வலை போட்டு மிதப்புக் கட்டையை அடையாளத்துக்கு விட்டுப் போயிருப்பார்கள். அதற்கு மேலால் பொய்மீனை எறிந்தால், அதிலுள்ள மும்முனைக் கொளுக்கி வலையில் மாட்டும். எறிந்தவர் தங்கூசியை அறுத்துவிட்டு அடுத்த பொய்மீனைக் கட்டுவார். விடியற்காலையில் வலையை இழுப்பவர் தன் உள்ளங்கையில் அந்தக் கொளுக்கியைக் கண்டுபிடிப்பார். இப்படிக் கை கிழிந்த ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று கிழமை அவர் தொழிலுக்குப் போகவில்லை.

தங்கூசியைப் பற்றி இன்னும் ஒன்று. தங்கூசி வலைகள் இந்த நாட்டில் 2006இலிருந்து தடைசெய்யப்பட்டவை. அவற்றைப் பாவிக்கும் மீனவரின் வலை பறிமுதலாகின்றது, வழக்கும் வருகின்றது. அது சரியே. தண்ணீரில் விடுபட்டால் உக்காமல் கிடந்து மீனையும் நண்டையும் பறவையையும் கொன்றுகொண்டே இருக்கும் என்பதும் அந்தத் தடைக்கு ஒரு நியாயம். ஆனால் அதே தங்கூசியை அறுத்துக் கண்டல் வேர்களுக்குள் விட்டுப் போகும் பொழுதுபோக்குக்காரரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. முகத்துவாரக் கற்களுக்கிடையே காலில் தங்கூசி சுற்றி இறந்து கிடந்த கொக்கை நானே கண்டிருக்கின்றேன். அறுந்த நூலைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வருவதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

மீனவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கண் சிறிய வலையால் குஞ்சை வாருபவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கின்றார்கள். கடலில் டைனமைற் போடுபவர்களும் இருக்கின்றார்கள். அவர்களைக் காட்டி, "அவங்க செய்யிறதுக்கு முன்னால என்ர ஒரு தூண்டில் என்ன?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பிழை செய்பவனின் பிழையைத் தனக்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இது. போர் எங்களுக்குப் பழக்கிவிட்ட பல பழக்கங்களில் ஒன்று என்றே எனக்குப் படுகின்றது.

இனி அந்தக் கொடுவாவுக்கு வருவோம். தோணிக்காரர் சொன்னதை அறிவியலும் சொல்கின்றது. கொடுவா முதலில் ஆணாகவே முதிர்கின்றது. சில வருடங்களின் பின்னர், வளர்ந்து பெருத்த பிறகு, பெண்ணாக மாறுகின்றது. எனவே ஒரு மீற்றரை நெருங்கிய கொடுவா என்றால் அது பெரும்பாலும் பெண். ஒரு பெரிய பெண் கொடுவா ஒரு கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. நன்னீரிலும் களப்பிலும் வளர்ந்தாலும், முட்டையிட அதற்கு உப்புச் செறிந்த நீர் வேண்டும். மாரி வெள்ளத்தில் முகத்துவார மண்திடல் வெட்டுப்படும்போது அது கடலை நாடுவது அதற்காகத்தான். தூண்டில்காரர்கள் திரளுவதும் அதே இடத்தில், அதே நாட்களில். படம் எடுப்பதற்கு எல்லோரும் தேடுவதும் ஆகப் பெரிய மீனைத்தான். விளையாட்டுத் தூண்டில் வலையை விடக் குறைவாகவே பிடிக்கின்றது என்ற வாதம் இங்கே அடிபட்டுப்போகின்றது. குறைவாகத்தான் பிடிக்கின்றது, ஆனால் தாயைப் பார்த்துப் பிடிக்கின்றது.

இதே மீனை அவுஸ்திரேலியாவில் பரமுண்டி என்கின்றார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் வைத்திருக்க முடியாது, 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் வைத்திருக்க முடியாது. சின்னது வளர வேண்டும் என்பது யாருக்கும் விளங்கும். மிகப் பெரியதையும் விட வேண்டும் என்பதில்தான் அவர்களுடைய பட்டறிவு இருக்கின்றது. கிழக்குக் கரையோரத்தில் நவம்பர் தொடக்கம் பெப்ரவரி முதலாம் திகதி வரை அதைப் பிடிக்கவே தடை. அங்கே மழைக்காலமும் முட்டையிடும் காலமும் அதுதான். தற்செயலாக, எங்களுடைய வாய் வெட்டும் மாரியும் அந்த மாதங்களுக்குள்ளேயே விழுகின்றது. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் அளவுகோலோடு தூண்டிலுக்குப் போகின்றார்கள். ஒன்ராறியோவில் இருப்பவர்கள் எந்த வலயத்தில் எத்தனை மீன் என்று பார்த்துவிட்டுத்தான் ஏரிக்குப் போகின்றார்கள். விமானம் ஏறி இங்கே வந்து இறங்கியதும் அந்த அளவுகோல் எங்கே போகின்றது?

பிடித்ததைத் திரும்ப விடுவதா, உண்பதற்கு மட்டும் பிடிப்பதா என்பதில் நாடுகளே ஒத்துப்போவதில்லை. சுவிசும் ஜேர்மனியும் விளையாட்டுக்காக உயிரை வதைக்கக்கூடாது என்கின்றன. அவுஸ்திரேலியா அளவு பார்த்து விடு என்கின்றது. என் அபிப்பிராயம், எங்கள் வாவிக்கு இரண்டிலும் பாதி பொருந்தும். சமைக்க வேண்டிய ஒன்றிரண்டைப் பிடித்தவுடன் தடியை மடக்கிவிட வேண்டும். ஐம்பது மீனைப் பிடித்துப் பிடித்து விடுவது தருமமல்ல, அவற்றில் ஒரு பகுதி பிறகு சாகத்தான் செய்யும். தப்பித்தவறி மாட்டிய குஞ்சையும் பெரிய கொடுவாவையும் விடத்தான் வேண்டும். விடுவதிலும் முறை இருக்கின்றது. உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் தொற்றும், எனவே கையை நனைத்துக்கொள்ள வேண்டும். பாரமான மீனைத் தாடையில் தூக்கித் தொங்கவிட்டுப் படமெடுத்தால் உள்ளுறுப்பும் முள்ளந்தண்டும் சேதமாகும். கொளுக்கியை விழுங்கிவிட்டதென்றால் இழுத்துப் பிடுங்காமல் நூலை வாயருகே அறுத்துவிடுவது நல்லது. முட்கள் நசுக்கப்பட்ட கொளுக்கி இன்னும் நல்லது. விற்பதைப் பற்றி ஒரே வரி: பொழுதுபோக்குக்குப் பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டு போகக் கூடாது. அங்கே கூறு போட்டுக் காத்திருப்பவர்களின் விலையை அது விழுத்தும்.

இவற்றையெல்லாம் சட்டமாக்கினால் என்ன என்று சிலர் கேட்கின்றார்கள். இங்கேதான் எனக்குத் தயக்கம். அனுமதிப்பத்திரம் என்ற சொல் எங்கள் காதில் பாஸ் என்றுதான் விழுகின்றது. கொழும்பில் எழுதப்படும் விதி வாவிக்கு வந்து சேரும்போது முதலில் மறிபடுவது தூண்டில் தடியோடு வாகனத்தில் வந்தவர் அல்ல, தோணியோடு நிற்பவர். ஓரப்பனை மரத்துக்கடியில் முறித்த கம்பில் நூல் கட்டி யப்பான் மீன் பிடிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையும் அதில் அகப்படும்.

வேறு வழி இல்லாமலில்லை. கரைவலைக்குப் பாடு என்ற முறை எங்களிடம் எப்போதும் இருந்துவந்தது. இன்று உன்னுடைய முறை, நாளை என்னுடையது. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியில் இறால் படும் இடங்களை மீனவக் கிராமங்கள் அதே பெயரில், அதே முறையில் பகிர்ந்துகொள்கின்றன. நீர்கொழும்புக் களப்பின் வாயிலில் கட்டுவலை போடும் இடங்களைச் சங்கங்கள் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொண்ட வழமை, பின்னர் அரசின் ஒழுங்குவிதிகளிலும் இடம்பெற்றது. வழமை முதலில், சட்டம் பிறகு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்திலேயே ஒரு பகுதியை முகாமைத்துவப் பிரதேசமாக அறிவித்து, அங்குள்ள மீனவர்களை அதன் தீர்மானங்களில் சேர்த்துக்கொள்ள இடமிருக்கின்றது. முகத்துவாரம் திறந்திருக்கும் கிழமைகளில் அங்கே தூண்டில் வேண்டாம், கொடுவாவுக்கு மேலும் கீழும் இன்ன அளவு, வலை கிடக்கும் இடத்துக்கு இவ்வளவு தூரம் என்பதைக் கரையோரச் சங்கங்களே முதலில் தீர்மானிக்கட்டும். அளவு என்ன என்பதை எங்கள் வாவி மீனை அளந்துதான் சொல்ல வேண்டும், குயின்ஸ்லாந்து இலக்கத்தை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. அதற்குக் கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது.

இதில் புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. பணம் அனுப்புவதை நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் துறைக்குப் போய், தோணிக்காரர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவர் காட்டுகின்ற இடத்தில் தூண்டில் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வலை எங்கே கிடக்கின்றது என்று அவருக்குத் தெரியும். முதலை எங்கே கிடக்கின்றது என்றும் தெரியும்.

மருமகன் ஜனவரி முதல் கிழமையில் திரும்பிப் போனான். போவதற்கு முதல் நாள் அந்தத் தோணிக்காரரின் வீட்டுக்குத் தானாகவே போயிருக்கின்றான். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. மூன்று தடிகளில் ஒன்றையும் சென்ரிமீற்றர் குறித்த பிளாஸ்ரிக் அளவுகோல் ஒன்றையும் அங்கே விட்டுப் போயிருந்தான். கிழவர் தடியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். அளவுகோலைத் தோணியின் உட்பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கின்றார். கடந்த மாதம் எங்கள் பக்கத்து மீனவர் சங்கக் கூட்டத்தில் முகத்துவார விடயத்தைப் பற்றி நான் கொஞ்சம் பேசினேன். சிலர் ஆமோதித்தார்கள், சிலர் "முதல்ல சின்னக்கண் வலையைப் பேசுங்க மாஸ்ரர்" என்றார்கள். இரண்டையும் எழுத்தில் தரும்படி தலைவர் கேட்டார். எழுதிக் கொடுத்திருக்கின்றேன். அடுத்த கூட்டம் வாய் வெட்டுவதற்கு முன்னர் நடக்க வேண்டும்.